புள்ளி ஆறு சிவபாண்டி

மதுரை தல்லாகுளத்தில் மாவட்ட விவரச் சரிபார்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. மற்ற அலுவலகங்கள் சரிபார்த்துக் கொடுத்த விவரங்கள், சரிபார்க்கப்பட்டவைதானா என்று சரிபார்த்துச் சான்று கொடுப்பது அதன் வேலை. இப்படி ஒரு அலுவலகம் இல்லாவிட்டால் நாட்டில் என்ன கெட்டுப்போகும் என்பதை மட்டும் அதுவரை யாரும் சரிபார்க்கவில்லை.

அங்கே இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகமாக இருந்தவர் சிவபாண்டி. வயது ஐம்பத்தெட்டு. வீடு ஆனையூர். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. காலையில் பூட்டைத் திறப்பது, பெருக்குவது, தண்ணீர்க் கேன் தூக்குவது, டீ வாங்கி வருவது, கேட்ட ஃபைலைத் தேடி எடுப்பது, எடுத்த ஃபைலில் என்ன எழுதுவது என்று எழுதுகிறவருக்கு எடுத்துச் சொல்வது, எழுதியதைக் கட்டி மறுபடியும் அலமாரியில் வைப்பது, இவ்வளவும் அவர் வேலை. பாக்கி வேலைகளை நிரந்தர ஊழியர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

அவருடைய சம்பளம் 'இதரச் செலவினம்' என்ற தலைப்பில் வந்தது. மாதாமாதம் பட்டியல் போகும்: துடைப்பம் நான்கு, பினாயில் இரண்டு, மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட், சிவபாண்டி ஒன்று. ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "போன மாதமும் சிவபாண்டி வாங்கியிருக்கிறீர்களே, அதற்குள் தீர்ந்துவிட்டதா?" என்று ஆட்சேபணை எழுதினார். அந்த ஆட்சேபணையைக் கட்டி அலமாரியில் வைத்ததும் சிவபாண்டிதான்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கறுப்பு அட்டை போட்ட வருகைப் பதிவேட்டைத் தினமும் காலையில் எடுத்து, தூசி தட்டி, பேனாவோடு மேசைமேல் வைப்பார். அதில் கையெழுத்துப் போடும் உரிமை நிரந்தர ஊழியருக்கு மட்டும். அறுபது வயது முடிவதற்குள் அந்தப் பதிவேட்டில் தன் பெயர் ஏற வேண்டும், தினமும் தன் கையால் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் வந்து, அவருக்கு முன்னால் நிரந்தரமாகிப் போனவர்கள் பதினோரு பேர். யார் எந்தத் தேதியில் ஆனார்கள், என்ன இனிப்புக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு பேர் இனிப்பே கொடுக்கவில்லை. அது இன்னும் நன்றாக ஞாபகம் இருந்தது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நாகஜோதி என்ற அம்மா ஒரு சான்றுக்காக அந்த அலுவலகத்துக்குப் பத்துத் தடவை வந்திருந்தார். மகளுக்குக் கல்லூரியில் உதவித்தொகை கிடைக்க அந்தச் சான்று வேண்டும். மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். வந்த பத்துத் தடவையும் அவருக்குக் கிடைத்த பதில், "நாளைக்கு வாங்க."

"உங்க ஃபைலு மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு. கண்ணைக் கட்டி விட்டாலும் எடுத்துருவேன்," என்பார் சிவபாண்டி. "ஆனா நிரந்தர ஆளு எழுதிக் கொடுக்காம நான் தொடக் கூடாதும்மா."

"ஒரு வரி எழுத இந்த மனுசங்களுக்கு எம்புட்டு நாளாகும்ணே?"

"நான் மட்டும் நிரந்தரமாகட்டும். மொத ஃபைலு உங்களுதுதான்."

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கடைநிலைத் தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரப்படுத்தும் பொருட்டுத் தரப்படுத்தப்பட்ட கணிதத் தேர்வு ஒன்று நடத்தப்படும். பாடம், சதவீதம். மற்ற கணக்குகள் தேவையில்லை.

ஏன் சதவீதம்? தலைமையகத்தில் ஒரு பெரிய அதிகாரி கொடைக்கானலுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். உலகமே சதவீதத்தில்தான் ஓடுகிறது என்று அங்கே படம் போட்டுக் காட்டினார்களாம். மலையிலிருந்து இறங்கியது முதல் அவர் எதையும் சதவீதமாகச் சொன்னால்தான் கையெழுத்துப் போட்டார். காய்ச்சல் என்று லீவு கேட்டவரிடம், "எத்தனை சதவீதம்?" என்று கேட்டார். அந்த வியாதி மலை இறங்கி, சென்னை போய், மதுரைக்கு வர ஒரு வாரம்தான் ஆனது. தல்லாகுளம் அலுவலகக் கண்காணிப்பாளர் கண்ணுச்சாமி, 'நூற்றுப்பத்து சதவீதம் உழைப்போம்' என்று அட்டை எழுதித் தன் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார். அதற்கு ஆணி அடித்தது சிவபாண்டி.

பயிற்சி கொடுக்க ஆரப்பாளையத்திலிருந்து முத்துக்குமரன் என்ற வாத்தியார் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் பயிற்சி மையம் நடத்துகிறவர். பதினோரு அரசுத் தேர்வு எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு மார்க்கில் வேலையைக் கோட்டை விட்டவர். வேலை வாங்கும் வழியை வேலை கிடைக்காதவர்கள்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கிடைத்தவர்களுக்கு வந்த வழி மறந்துவிடுகிறது.

பழைய ஃபைல் அறையில் மாலை நாலு மணிக்கு வகுப்பு. பட்டியலில் தற்காலிகம் ஏழு பேர். வகுப்புக்கு வந்தது ஆறு. ஏழாவது ஆளான முத்திருளன் ஒன்றரை வருடத்துக்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். பெயரை நீக்க ஒரு நிரந்தர ஆள் எழுத வேண்டும். எழுதவில்லை.

"ஒரு தொட்டியில ஐநூறு லிட்டர் தண்ணி," என்றார் வாத்தியார். "காலையில இருபது சதவீதம் கசிஞ்சிருச்சு. சாயங்காலம், எஞ்சியதுல இருபத்தஞ்சு சதவீதம் கசிஞ்சிருச்சு. மீதி எம்புட்டு?"

வாட்ச்மேன் சுருளி கையைத் தூக்கினான். வயது முப்பத்துநாலு. மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவன்.

"சார், காலையிலேயே கசியுதுன்னு தெரியும்ல? சாயங்காலம் வரைக்கும் ஏன் அடைக்கல?"

"கேள்வியில அது இல்ல."

"தொட்டி நம்ம ஆபீசு தொட்டியா சார்?"

"கணக்கைப் போடுய்யா!"

சிவபாண்டி இருபதையும் இருபத்தைந்தையும் கூட்டி, நாற்பத்தைந்து சதவீதம் போச்சு, மீதி இருநூற்று எழுபத்தைந்து என்றார். தப்பு. வாத்தியார் பலகையில் தட்டினார். "எஞ்சியதுலண்ணே, எஞ்சியதுல! மொதல்ல நூறு போச்சா, மிச்சம் நானூறு. அதுல இருபத்தஞ்சு சதவீதம் இன்னொரு நூறு. ஆக முந்நூறு. எதுல எடுக்குறாங்கன்னு பாக்கணும். அதை விட்டா எல்லாம் போச்சு."

'எஞ்சியது' என்ற சொல் சிவபாண்டிக்குள் ஆணிபோல இறங்கியது. பத்தாவது படித்தவர்களை முதலில் நிரந்தரமாக்கினார்கள். எஞ்சியதில் சிபாரிசு உள்ளவர்களை எடுத்தார்கள். எஞ்சியதில் அதிகாரியின் கொழுந்தியா மகனை எடுத்தார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தான் யார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதன்பிறகு அவர் கணக்கை விடவில்லை. ஆனையூர் பஸ்ஸில் ஐம்பது சீட்டு, எண்பது ஆள், நூற்று அறுபது சதவீதம் என்று முணுமுணுத்துக்கொண்டே தொங்கினார். வீட்டில் மனைவி அன்னக்கொடி எட்டு இட்லி வைத்தால், "ரெண்டு பிஞ்சு போச்சு. இருபத்தஞ்சு சதவீதம் சேதாரம்," என்றார்.

"திங்கிறவரு நூறு சதவீதம்," என்றாள் அன்னக்கொடி. "ஏனம் கழுவுறதுல நீங்க எம்புட்டு சதவீதம்?"

"பூச்சியம்."

"அதுக்குக் கணக்குப் படிச்சுத்தான் தெரியணுமாக்கும்?"

இரண்டு மாதத்தில் மதுரை வட்டாரத்தில் சதவீதத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று வாத்தியாரே சொன்னார். கண்ணுச்சாமி அலுவலகத்தின் மாதாந்திர அறிக்கைகளை அவரிடம் தள்ளிவிட்டார். அறிக்கை எழுதுவது நிரந்தர ஊழியரின் வேலை. ஆகையால் அதைச் சிவபாண்டி எழுதினார். கண்ணுச்சாமி அதில் நிரந்தரமாகக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாள் வந்தது. ஐம்பது கேள்வி. மேற்பார்வை கண்ணுச்சாமி. அவர் செல்போனில் நூற்றுப்பத்து சதவீதம் கவனமாக இருந்ததால், ஐந்து பேரும் சிவபாண்டியின் தாளைப் பார்த்தே எழுதினார்கள். அவர் அடித்துத் திருத்திய இடத்தில் அவர்களும் அடித்துத் திருத்தினார்கள். நேரம் முடிகிறபோது கண்ணுச்சாமி ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்.

"சிவபாண்டி, இது முத்திருளன் தாளு. காலியாப் போனா ஏன்னு கேப்பாய்ங்க. இடது கையில கொஞ்சம் எழுதிரு."

ஏழு பேருக்கும் தொண்ணூற்று நான்கு மார்க். சுருளி மேசைமேல் தாளம் போட்டான். "அண்ணே, நூத்துக்கு நூறு தேர்ச்சிண்ணே!"

கண்ணுச்சாமியின் முகம் வெளுத்தது. சுற்றறிக்கையின் நான்காவது பக்கத்தை அப்போதுதான் அவர் படித்தார். தேர்ச்சி விகிதம் சரியாக எண்பது சதவீதமாக இருத்தல் வேண்டும். குறைந்தால் பயிற்சியில் அலட்சியம் என்றும், கூடினால் தேர்வில் முறைகேடு என்றும் கருதப்பட்டு, கண்காணிப்பாளரிடம் விளக்கம் கோரப்படும்.

"ஏழுல எண்பது சதவீதம் எம்புட்டு?" என்று கேட்டார்.

"அஞ்சு புள்ளி ஆறு சார்," என்றார் சிவபாண்டி.

"ஆளைச் சொல்லுய்யா."

"ஆளுதான் சார். அஞ்சு புள்ளி ஆறு ஆளு."

"புள்ளிக்கு முன்னாடி அஞ்சு பேரு சரி. புள்ளிக்கு அந்தப் பக்கம் நிக்கிறது யாரு?"

"ஆறு பேருன்னு போட்டுருங்க சார்," என்றான் சுருளி.

"ஆறுன்னா எம்பத்தஞ்சு புள்ளி ஏழு ஆயிரும், மாப்ள," என்றார் சிவபாண்டி. "அஞ்சுன்னா எழுபத்தொண்ணு புள்ளி நாலுதான்." சொல்லும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சென்னைக்கு எழுதிக் கேட்டார்கள். பதினெட்டு நாளில் பதில் வந்தது. பின்னங்களை முழுமையாக்கம் செய்யும் அதிகாரம் மாவட்ட அலுவலகங்களுக்கு வழங்கப்படவில்லை என்றும், ஐந்து புள்ளி ஆறு பணியாளர்களை மட்டும் தேர்ச்சி பெற்றவர்களாக அறிவித்து உடனடியாக அறிக்கை அனுப்புமாறும் அதில் கண்டிருந்தது.

கண்ணுச்சாமி கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். முதல் தேர்ச்சி முத்திருளனுக்குப் போனது. அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் தாள் மட்டும்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அவருக்கு வேண்டியவர்கள் நாலு பேருக்கு அடுத்த நாலு இடமும் போயின. எஞ்சியதில் சுருளியும் சிவபாண்டியும் நின்றார்கள்.

"அண்ணனுக்கு வயசாகுது சார். நான் தோத்துக்கிறேன்," என்றான் சுருளி. "எனக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"நல்ல பையன். அப்ப புள்ளி ஆறு உனக்குத்தான் சிவபாண்டி."

"சார், எல்லாரும் எழுதுனது என் தாளு. முத்திருளன் எழுதுனதே நான்தான். அவருக்கு முழுசு, எனக்குப் புள்ளி ஆறா?"

"இதை மத்தவனுக்குக் குடுத்தா, புள்ளி ஆறுன்னா என்னன்னு அவனுக்கு விளங்குமா? வெவகாரம் பண்ணுவான். உனக்குன்னா சொன்ன ஒடனே புரியும். கணக்குத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தானய்யா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

உத்தரவு வந்தது. வாரத்தின் ஐந்து வேலை நாட்களில் அறுபது சதவீதமாகிய திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சிவபாண்டி நிரந்தர ஊழியர். எஞ்சிய வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தற்காலிகம். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரும் அதே விகிதத்தில் இடம்பெறும். சிவபாண்டி என்பது ஐந்து எழுத்து. அறுபது சதவீதம் மூன்று எழுத்து. 'சிவபா' என்று அவர் கையெழுத்துப் போடலாம். கை வைத்த நாற்காலி ஒன்றும் ஒதுக்கினார்கள். அதில் ஒரு கை உடைந்திருந்தது. அது விகிதத்தில் பத்து சதவீதம் குறைகிறதே என்று சிவபாண்டி எடுத்துச் சொன்னார். தனியாக மனு கொடுக்கச் சொன்னார்கள்.

அன்னக்கொடி உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப நான் சந்தோசப்படணுமா?"

"அறுபது சதவீதம்."

"அப்ப மூணு நாளைக்குப் பால் காப்பி. ரெண்டு நாளைக்கு வரக்காப்பி."

முதல் திங்கட்கிழமை சிவபாண்டி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். பதிவேட்டைத் திறந்து, 'சிவபா' என்று எழுதினார். மீதி இரண்டு எழுத்தும் விரல் நுனியில் வந்து முட்டின. அடக்கிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு நாகஜோதி வந்தார். நாற்காலியில் அவரைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "சார்," என்று கூப்பிட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு வரி எழுதத்தான் அவர் பேனாவை எடுத்தார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்து இருபத்திரண்டு வருடம் அவர் கேட்டது ஒரே ஒரு சொல்தான். அதுதான் தானாக வந்தது.

"நாளைக்கு வாங்க."

சொன்ன பிறகு உடம்புக்கு ஒரு சுகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் சொன்னார். புதன்கிழமை டீ ஆறிப்போகும் போலிருந்ததால் அவசரமாகச் சொன்னார்.

வியாழக்கிழமை நாகஜோதி வந்தபோது சிவபாண்டி பழைய சட்டையில் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து எழுதி வைக்காமப் போயிட்டாரும்மா," என்றார்.

"யாரு?"

"நிரந்தரம்."

"அது நீங்கதானண்ணே?"

"நான்தான். நான் சொன்னா அவரு எங்க கேக்கறாரு?"

கேட்டருகே நின்ற சுருளிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இப்ப எழுதிக்கிட வேண்டியதுதான?"

"வெவரம் கெட்ட ஆளா இருக்கியே, மாப்ள! வியாழக்கிழமை நான் எழுதுனா அது அத்துமீறல். திங்கக்கிழமை வந்து என் மேல நானே நடவடிக்கை எடுக்கணும்."

எடுக்கவும் செய்தார். மூன்றாவது அலமாரியில் ஒட்டடை அடிக்காததற்கு விளக்கம் கேட்டு, ஒரு புதன்கிழமை தனக்குத் தானே குறிப்பாணை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து, அதைக் கண்டு பயந்து, இனி இவ்வாறு நேராது என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வந்து படித்துப் பார்த்து, விளக்கம் திருப்தியாக இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அந்த எழுத்தில் தன்னைவிடக் கீழே உள்ள ஒருவனை எழுதுகிற அழுத்தம் இருந்ததாகச் சுருளி சொன்னான்.

இவ்வளவு நாளும் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தது சிவபாண்டி ஒருவர்தான். இப்போது அவரும் இரண்டு நாள்தான் பார்த்தார். காலாண்டு அறிக்கையில் வேலை நாற்பது சதவீதம் என்று வந்தது. கண்ணுச்சாமி பயந்துகொண்டே அனுப்பினார். மற்ற மாவட்டங்களில் இருபதுதானாம். இரண்டு மடங்கு சாதனை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. இனிமேல் கடைநிலை வேலைக்கு எடுக்கிற எல்லோரையும் அறுபதாகவும் நாற்பதாகவும் பிரித்து எடுக்கலாம் என்றும், இந்த அலுவலகத்திலேயே நான்கு இடங்களை அப்படி நிரப்பலாம் என்றும் அதே கடிதத்தில் உத்தரவு இருந்தது. திருப்பூரிலிருந்த முத்திருளனுக்குச் சிறந்த பணியாளர் சான்றிதழ் தபாலில் போனது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை நாகஜோதி மறுபடியும் வந்தார். இந்த முறை கூடவே மகள். மகள் கையில் ஆரப்பாளையம் பயிற்சி மையத்தின் பெயர் போட்ட நோட்டு.

சிவபாண்டி ஒற்றைக் கை நாற்காலியில் நெளிந்தார். "சான்றுக்கா?"

"அதான் கெடு முடிஞ்சு போச்சே. காலேசுப் பணம் கட்ட முடியாம இவளை நிறுத்தியாச்சு. இப்பப் பரீட்சைக்குப் படிக்கிறா. சதவீதக் கணக்கெல்லாம் நல்லாப் போடுறா. இங்க நாலு எடம் வருதாம்ல சார்?"

"இங்கயா?" சிவபாண்டிக்கே தூக்கிவாரிப் போட்டது. "பதினாலு தடவ வந்துட்டுப் போனீங்களேம்மா. மனசுக்குள்ள எங்களை எம்புட்டுத் திட்டியிருப்பீங்க!"

"மனசுக்குள்ள என்ன? உசிலம்பட்டி பஸ்சு பூராவும் கேக்குற மாதிரித்தான் திட்டிட்டுப் போனேன். அது வேற, இது வேற. நீங்க பாத்து இவளை எப்படியாவது உள்ள சேத்து விட்டுருங்க."

சிவபாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அறுபதுக்கா, நாப்பதுக்கா?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் பதில் சொன்னாள்.

"அறுபதே போதும் சார். நாப்பதுல வேலை பாக்கணும்ல?"

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பிள்ளை தேறிவிடும் என்று சிவபாண்டிக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்.

"நாளைக்கு வாங்க," என்றார்.